டீசல் எஞ்சினின் பெல்ற்றை அளவாக இறுக்கி வைத்தல்

(கமக்காரர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்துவடிவம்)



பயிருக்கு நீர் வேண்டிய நாளில் நீர் பாயவேண்டும். நெல்லை அடிக்கவேண்டிய நாளில் அடித்து முடிக்கவேண்டும். இவ்விரு வேலைகளுக்கும் இன்று நம்மிற் பலர் டீசல் எஞ்சினையே நம்பியிருக்கின்றோம். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுகின்றோம். காற்று வடியைத் துப்புரவு செய்கின்றோம். புகை கறுத்தால் உடனே கராச்சுக்குக் கொண்டு செல்கின்றோம். ஆனால் அந்த எஞ்சினின் வலுவைப் பம்பிக்கும் கியர்ப்பெட்டிக்கும் கொண்டு சேர்க்கும் பெல்ற்றை, அது அறுந்து விழும் நாள்வரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. பெல்ற் அறுவதோ, பெரும்பாலும் வேலை மிகுந்த நாளிலேயாம். ஏனெனில், அதன்மேற் பாரம் மிகுந்திருப்பது அன்றுதான்.

பெல்ற்றின் இறுக்கத்தைச் சோதிப்பதற்குக் கால் மணித்தியாலம் போதும். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு நூல், ஓர் அடிமட்டம், ஒரு விற்றராசு, இரண்டு ஸ்பனர்கள் என்பவையே. இவற்றைக் கொண்டு ஒவ்வொரு கமக்காரரும் தாமே இவ்வேலையைச் செய்துகொள்ளலாம்.

பெல்ற் வேலை செய்யும் முறை

நாம் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது வீ பெல்ற் ஆகும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேற்புறம் அகன்றும் கீழ்ப்புறம் ஒடுங்கியும், ஓர் ஆப்பைப் போல அது தோன்றும். கப்பியில் வெட்டப்பட்ட காடியும் அவ்வாறே அமைந்துள்ளது. மரத்தைப் பிளக்க இறக்கிய ஆப்பு எவ்வாறு இரு பக்கங்களையும் பற்றிக்கொள்கின்றதோ, அவ்வாறே பெல்ற்றும் காடியின் இரு பக்கச் சுவர்களையும் பற்றிக்கொண்டு கப்பியைச் சுழற்றுகின்றது. பெல்ற்றின் அடிப்புறம் காடியின் அடியிற் படுதலாகாது. காடியின் அடித்தளம் கண்ணாடிபோல மினுங்குமாயின், பெல்ற்றோ கப்பியோ தேய்ந்து, பெல்ற் கீழே இறங்கிவிட்டதென்று அறியலாம். அந்நிலையில் எவ்வளவு இறுக்கினும் அது வழுக்கவே செய்யும்.

பக்கச் சுவர்களைப் பற்றும் வலிமை இறுக்கத்தினால் வருவது. இறுக்கம் குறைந்தால் பெல்ற் வழுக்கும். இறுக்கம் மிகுந்தால் பெல்ற்றும் கெடும், பெயாரிங்கும் கெடும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கவேண்டிய அளவைப் பின்வருமாறு மனத்திற் கொள்க: வேலைப் பாரம் முழுவதும் ஏறிய நிலையிலும் வழுக்காதிருப்பதற்குப் போதுமான மிகக் குறைந்த இறுக்கமே சரியான இறுக்கம்.

தளர்வினால் வரும் நட்டம்

எஞ்சின் வழக்கமான வேகத்திற் சுழல, பெல்ற் வழுக்குவதனாற் பம்பியின் வேகம் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைகின்றதென வைத்துக்கொள்வோம். நீரும் பத்துப் பங்கே குறையும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. சுழற்சியினால் நீரைத் தள்ளும் பம்பியில், நீரை உயர்த்தும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். வேகம் 100 இலிருந்து 90 ஆகக் குறைந்தால், உயர்த்தும் ஆற்றல் 100 இலிருந்து 81 ஆகக் குறைந்துவிடும். மிகக் கூடியதாக 20 மீற்றர் உயரத்துக்கு நீரைத் தள்ளவல்ல பம்பி, அப்பொழுது 16 மீற்றருக்குச் சற்று மேலாகத் தள்ளும் வல்லமையையே உடையதாயிருக்கும். கிணற்றில் நீர் கீழிறங்கிய கோடை நாட்களில், குழாயின் வாயில் நீர் நூலாக ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கிணறு வற்றிவிட்டதென்றும் பம்பி பழுதென்றும் கவலைகொள்ளுமுன் பெல்ற்றைத் தொட்டுப் பாருங்கள்.

வழுக்குதலால் இழந்த வலு எங்கே போகின்றது? அது வெப்பமாக மாறிப் பெல்ற்றையே சுடுகின்றது. புதிதாகச் சரிவரப் பூட்டிய வீ பெல்ற், எஞ்சின் தரும் வலுவில் நூற்றுக்கு 95 பங்கு முதல் 98 பங்கு வரை மறுபுறம் கொண்டு சேர்க்கும். காலத்துக்குக் காலம் இறுக்காமல் விட்டால் இதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை குறைந்துபோகக்கூடும். அதாவது 20 லீற்றர் டீசல் எரித்தால், அதில் ஒரு லீற்றர் பெல்ற்றைச் சூடாக்குவதற்கே செலவாகின்றது. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காகக் கலனுடன் வரிசையில் நின்ற நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று ஒரு லீற்றரின் பெறுமதி எத்தகையதென்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

தளர்ந்த பெல்ற்றின் குறிகள் இவை: பாரம் ஏறும்போது கீச்சென்ற ஒலி எழும், கப்பியைச் சுற்றிக் கரிய தூள் படியும், பெல்ற்றின் பக்கங்கள் மெழுகு பூசியவைபோல மினுங்கும், ஓடும்போது பெல்ற்றின் ஒரு புறம் பெரிதும் அலையும், எஞ்சினை நிறுத்தியவுடன் கப்பியின் அருகே கையைக் கொண்டு சென்றால் மிகுந்த சூடு தெரியும்.

மிகை இறுக்கத்தினால் வரும் நட்டம்

தளர்வைக் கண்டு அஞ்சி, பெல்ற்றை வீணைத் தந்திபோல இறுக்கிவிடுவோரும் உளர். இதனால் உண்டாகும் கேடு உடனே தெரிவதில்லை. ஆயினும் செலவு மிகுந்தது. பம்பித் தண்டையும் எஞ்சின் தண்டையும் பெல்ற் இரவுபகலாக ஒன்றையொன்று நோக்கி இழுத்துக்கொண்டேயிருக்கும். பெயாரிங் சூடேறி இரையத் தொடங்கும். அதனருகேயுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்ந்து ஒழுகும். நாளடைவில் தண்டே வளையவும் முறியவும் கூடும். பெல்ற்றின் உள்ளேயுள்ள இழைகள் நீண்டு அறுந்து, அடிப்புறத்தில் வெடிப்புகள் தோன்றும். தளர்ந்த பெல்ற்றினால் ஒரு பெல்ற்றை இழப்போம். மிகையாக இறுக்கிய பெல்ற்றினாற் பம்பியையே இழக்கலாம்.

இறுக்கத்தை அளக்கும் முறை

முதலில் எஞ்சினை நிறுத்தவேண்டும். எரிபொருள் வழியை அடைத்து, பெரிய சில்லு முற்றாக நின்றபின்னரே பெல்ற்றில் கை வைத்தல் வேண்டும்.

இரு கப்பிகளுக்கும் இடையே பெல்ற் கப்பியைத் தொடாது நிற்கும் நீளத்தை அளந்துகொள்க. அந்த நீளத்தின் நடுவிடத்தில் பெல்ற்றை அழுத்தும்போது, ஒரு மீற்றர் நீளத்துக்கு 16 மில்லிமீற்றர் என்ற கணக்கில் அது தாழவேண்டும். இதன்படி இடைநீளம் 50 சென்ரிமீற்றராயின் 8 மில்லிமீற்றரும், 75 சென்ரிமீற்றராயின் 12 மில்லிமீற்றரும் தாழ்தல் வேண்டும்.

எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் கண்மதிப்பாற் சொல்லுதல் கடினம். ஆகையால் ஒரு கப்பியின் மேல்விளிம்பிலிருந்து மற்றக் கப்பியின் மேல்விளிம்பு வரை நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் பெல்ற்றின் முதுகுக்கும் இடையேயுள்ள தூரத்தை அழுத்துமுன் ஒருமுறையும் அழுத்தியபின் ஒருமுறையும் அடிமட்டத்தால் அளக்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தாழ்வு ஆகும்.

எவ்வளவு பலத்துடன் அழுத்துவது என்பது அடுத்த வினா. பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதே வழக்கம். ஆனால் ஒருவர் பெருவிரலின் பலம் மற்றவர் பெருவிரலுக்கு இல்லை. விற்றராசின் கொளுக்கியைப் பெல்ற்றின் நடுவில் மாட்டிக் கப்பிகளை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இழுத்தால் உண்மையான அளவு தெரியும். மேற்புற அகலம் 17 மில்லிமீற்றரும் தடிப்பு 11 மில்லிமீற்றரும் உள்ள பீ வகைப் பெல்ற்றுகளே இரு சில்லு உழவு இயந்திரங்களிற் பெரிதும் காணப்படுகின்றன. அவ்வகைப் பெல்ற் ஒன்றைக் கூறிய அளவுக்குத் தாழ்த்துவதற்கு ஏறத்தாழ 2 முதல் 4 கிலோகிறாம் வரையான இழுப்பு வேண்டும். கப்பி சிறிதாயின் குறைந்த அளவும், பெரிதாயின் கூடிய அளவும் பொருந்தும். அதனிலும் குறைந்த இழுப்புக்கே தாழ்ந்துவிட்டால் பெல்ற் தளர்ந்துள்ளது. அதனிலும் மிகுந்த இழுப்பு வேண்டுமாயின் மிகையாக இறுகியுள்ளது. உங்கள் இயந்திரத்தின் கைந்நூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின், அதனையே பின்பற்றுக.

பல பெல்ற்றுகள் ஒருங்கே ஓடும் இயந்திரத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

நீரிறைக்கும் பம்பியில் இறுக்கும் முறை

எஞ்சினும் பம்பியும் ஒரே இரும்புச் சட்டத்திற் பூட்டப்பட்டிருப்பின், இரண்டில் ஒன்றின் பாதத்தில் நீண்ட துளைகள் இருக்கும். அதன் நான்கு நட்டுகளையும் சிறிது தளர்த்தி, பாதத்தைத் தள்ளும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகவேண்டும். இரு திருகாணிகள் இருப்பின் இரண்டையும் சமமாகத் திருகுக. இல்லையேல் பாதம் கோணலாக நகரும். திருகாணி இல்லாத சட்டத்தில் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டி நகர்த்தலாம்; வார்ப்பிரும்பின்மேல் நேரே சுத்தியலால் அடித்தலாகாது. பின்பு நட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்கி, மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கவேண்டும். நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடுதல் உண்டு.

கப்பிகள் ஒரே நேரில் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுக. இரு கப்பிகளின் வெளிப்பக்க முகங்களையும் தொடுமாறு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், ஒவ்வொரு கப்பியிலும் இரண்டு இடங்களாக மொத்தம் நான்கு இடங்களில் அது படவேண்டும். ஓரிடத்திலேனும் வெளி தெரிந்தால் கப்பிகள் நேராக இல்லை. கப்பிகளின் விளிம்புத் தடிப்பு வேறுபடுமாயின் அவ்வேறுபாட்டைக் கணக்கிற் கொள்ளவேண்டும். கோணலாக ஓடும் பெல்ற் ஒரு பக்கத்தில் மட்டும் தேயும். சிலவேளை காடியிற் புரண்டு வெளியே பாயும்.

இரு சில்லு உழவு இயந்திரத்தில்

இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில், முன்னே இருக்கும் எஞ்சினிலிருந்து பின்னே இருக்கும் கிளச்சுக் கப்பிக்கு இரண்டு அல்லது மூன்று பெல்ற்றுகள் ஓடுகின்றன. முதலிற் கியரை நடுநிலையில் வைத்து, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பெல்ற்றின் மூடியைக் கழற்றுக. எஞ்சினைச் சட்டத்துடன் பிணைக்கும் நான்கு நட்டுகளையும் தளர்த்தி, திருகாணியின் உதவியால் எஞ்சினை முன்னோக்கி நகர்த்தினாற் பெல்ற் இறுகும். இடப்புறமும் வலப்புறமும் ஒரே அளவு நகர்ந்ததா என்று அடிமட்டத்தாற் பார்த்த பின்னரே நட்டுகளை இறுக்கவேண்டும்.

சேற்று உழவு முடிந்தபின் மூடியின் உட்புறத்தையும் கப்பியின் காடிகளையும் கழுவி உலரவிடுக. காடியிற் காய்ந்து கிடக்கும் சேறு உரத்தாள்போலப் பெல்ற்றை அராவும். சிறு கல்லொன்று காடியிற் சிக்கினால், ஒரே நாளிற் பெல்ற்றின் அடிப்புறம் கிழிந்துவிடும்.

நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் விசிறிப் பெல்ற்

நான்கு சில்லு உழவு இயந்திரத்தில் விசிறியையும், எஞ்சினைக் குளிரச் செய்யும் நீர்ப் பம்பியையும், பற்றறிக்கு மின்னூட்டும் அல்ற்றனேற்றரையும் ஒரு பெல்ற்றே சுழற்றுவது பெருவழக்கு. இது தளர்ந்தால் எஞ்சின் கொதிக்கும், பற்றறி இறங்கும். இரண்டுக்கும் வெவ்வேறு காரணம் தேடி அலையாமல் முதலிற் பெல்ற்றையே பார்க்கவேண்டும். கப்பிகளுக்கிடையேயுள்ள மிக நீண்ட பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தமாக அழுத்தும்போது, பல எஞ்சின்களில் 10 முதல் 13 மில்லிமீற்றர் வரை தாழவேண்டும். அல்ற்றனேற்றரின் கீழ் நட்டையும், வளைந்த தாங்கியிலுள்ள மேல் நட்டையும் தளர்த்தி, அதனை வெளிப்புறமாக நகர்த்தி இறுக்குக. நெம்புவதாயின், பெல்ற் ஓடும் பக்கத்திலுள்ள முன்மூடியிலேயே கட்டையை வைத்து நெம்புதல் வேண்டும். பின்மூடி மெல்லியதாகையால் உடைந்துவிடும்.

வயலில் நிற்கும்போது இப்பெல்ற் அறுந்தால், எஞ்சினை உடனே நிறுத்திவிடுக. வரம்பு வரையேனும் ஓட்டிவிடலாம் என்று முயன்றவர்கள் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துபோகப் பெருஞ்செலவு செய்திருக்கின்றனர். சூடு தணியுமுன் நீர்த்தொட்டியின் மூடியைத் திறத்தலும் ஆகாது. கொதிநீர் முகத்திற் பாயும்.

புதிய பெல்ற் மாட்டுதல்

புதிய பெல்ற் மாட்டும்போது, எஞ்சினையோ பம்பியையோ நன்றாக உள்ளே நகர்த்தித் தளர்வு உண்டாக்கிக்கொண்டு கையாலேயே மாட்டவேண்டும். அலவாங்காலோ திருகாணிச் சாவியாலோ கப்பியின் விளிம்பின்மேல் நெம்பி ஏற்றினால், உள்ளிழைகள் அப்போதே அறுந்துவிடும். வெளியே ஒரு குறையும் தெரியாது. ஆனால் சில நாட்களிற் பெல்ற் புரளத் தொடங்கும்.

மூன்று பெல்ற்றுகளுள் ஒன்று அறுந்தால், அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம்போலத் தோன்றும். பழைய இரண்டும் ஏற்கெனவே நீண்டிருப்பதால், புதிய ஒன்றே முழுப் பாரத்தையும் சுமந்து விரைவில் அறுந்துபோகும். எனவே மூன்றையும் ஒருங்கே, ஒரே உற்பத்தியாளருடையவையாக வாங்கி மாற்றுக. பழையவற்றுள் நல்லனவற்றை அவசரத்துக்கென எடுத்து வைக்கலாம்.

புதிய பெல்ற் முதல் நாட்களில் நீண்டு காடியிற் படிந்துகொள்ளும். ஆதலால் முதல் அரை மணித்தியாலம் ஓடியபின் ஒருமுறையும், ஒரு முழுநாள் வேலையின்பின் இன்னொருமுறையும் கட்டாயம் அளந்து இறுக்கவேண்டும். புதிய பெல்ற் விரைவிற் கெட்டுவிட்டதென்று கடைக்காரரைக் குறைகூறுவோருட் பலர், இந்த இரண்டாம் இறுக்கத்தைச் செய்யாதவர்களே.

பெல்ற்றிற் பூசக்கூடாதவை

வழுக்கும் பெல்ற்றில் குங்கிலியத் தூள் தூவுதல், சவர்க்காரம் தேய்த்தல், தாரோ எண்ணெயோ தடவுதல் போன்ற வழக்கங்கள் சில இடங்களில் உண்டு. பழைய ஆலைகளில் ஓடிய தட்டையான தோற்பெல்ற்றுக்குப் பூச்சு இடுவதில் ஒரு நியாயம் இருந்தது. இறப்பரினாலான வீ பெல்ற்றுக்கு அது பொருந்தாது. சத்தம் சிறிது நேரம் அடங்கும். பின்பு தூசியும் வைக்கோற் துகளும் ஒட்டி, பெல்ற் மேலும் விரைவாகக் கெடும். டீசலும் எண்ணெயும் கிறீசும் பட்டால் இறப்பர் ஊதி மென்மையாகிவிடும். தவறிப் பட்டுவிட்டால், பெல்ற்றைக் கழற்றிச் சவர்க்கார நீரால் துடைத்து உலர்த்தி, எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகின்றதென்பதைக் கண்டு அடைத்தபின் மாட்டுக.

உயிருக்குக் காவல்

இதுவரை பணத்துக்கு வரும் நட்டத்தைக் கூறினேன். இனிக் கூறுவது அதனிலும் பெரியது. ஓடும் பெல்ற் கப்பியைச் சேருமிடத்தில் விரல் அகப்பட்டால், அதை இழுத்தெடுக்க நேரம் கிடைக்காது. பெல்ற் இறுகியுள்ளதா என்று ஓடும்போது கையால் தொட்டுப் பார்த்தலும், ஓடும் பெல்ற்றைக் காலால் அழுத்துதலும் ஒருபோதும் செய்யத்தகாதவை. நின்ற எஞ்சினின் சில்லைக் கையாற் சுழற்றும்போதும், மற்றக் கை பெல்ற்றில் இருத்தலாகாது. ஒருவர் சுழற்ற மற்றவர் பெல்ற்றைப் பிடித்தலும் ஆகாது. சாரத்தின் தலைப்பையும் சேலைத் தலைப்பையும் இறுகச் செருகிக்கொள்க. நீண்ட கூந்தலை முடிந்துகொள்க. இறைப்பு நேரத்திற் பம்பியின் அருகே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

பெல்ற்றை மூடும் தகரக் கூட்டை, அடிக்கடி கழற்றவேண்டியிருக்கின்றதென்று சொல்லிக் கொட்டிலின் மூலையிற் போட்டுவிடுவோர் பலர். பெல்ற் அளவாக இறுகியிருந்தால் கூட்டை அடிக்கடி கழற்றவேண்டிய தேவையே எழாது. இறுக்கி முடித்ததும் கூட்டைப் பூட்டிய பின்னரே எஞ்சினை இயக்குக.

எப்போது செய்வது?

நாள்தோறும் எஞ்சினை இயக்குமுன் பெல்ற்றைக் கண்ணாற் பார்க்கவேண்டும். ஏறத்தாழ 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை இறுக்கத்தை அளக்கவேண்டும். பெரும்போகமும் சிறுபோகமும் தொடங்குமுன் பெல்ற், கப்பி, நட்டு அனைத்தையும் முழுமையாகச் சோதிக்கவேண்டும். வெடிப்போ, நூல் கிளம்புதலோ, பக்கத் தேய்வோ காணப்பட்டால், வேலை தொடங்குமுன்னரே மாற்றிவிடுவது நன்று. பெல்ற்றின் முதுகில் அச்சிடப்பட்ட இலக்கத்தை, அது தேய்ந்து மறையுமுன் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்க. கடையிற் சரியானதைக் கேட்டு வாங்க அது உதவும்.

போகம் முடிந்து எஞ்சின் மாதக்கணக்கில் ஓயுமாயின், பெல்ற்றைத் தளர்த்தி விடவேண்டும். கழற்றி வைப்பதாயின் வெயிலும் எண்ணெயும் எலியும் அணுகாத இடத்தில், அகன்ற மரமுளையில் தொங்கவிடுக. ஆணியில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் மடிந்து வெடிக்கும்.

அன்பர்களே, வெங்காயத் தறைக்கு இறைப்பு முறை வந்த அன்று பெல்ற் அறுந்து, நகரத்துக்கு ஆள் அனுப்பி, அடுத்த நாள் பின்னேரம்வரை காத்திருப்பவருக்குக் கருகிய தாளை எவரும் திருப்பித் தரமாட்டார். அடித்து முடியாத நெற்சூட்டின்மேல் மழை பொழிந்தால் அந்த நட்டத்தை ஈடுசெய்யவும் வழியில்லை. இன்று வீடு சென்றதும், எஞ்சினை இயக்குமுன், ஒரு நூலையும் அடிமட்டத்தையும் எடுத்து உங்கள் பெல்ற்றை அளந்து பாருங்கள். அளவு சரியாயிருந்தால் மனநிறைவு கொள்ளுங்கள். இல்லையேல் அளவாக இறுக்குங்கள். ஐயமுள்ளவர்கள் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெளியலாம்.